‘எனக்கு இது வருமா மேடம்?’: ஆராய்ச்சிக்குப் போவதா என்று ஒரு வேதியியல் மாணவி முடிவெடுத்த விதம்

காவிரி டெல்டாவில் உள்ள ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரியின் வேதியியல் துறையில் 2022 தொடங்கி 2025 வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். நான் அந்தத் துறையில் பாடம் நடத்துபவள். மாணவியின் பெயர், ஊர், அவர் பின்னால் சேர்ந்த ஆய்வகம் எதையும் குறிப்பிடவில்லை. எழுதியதை அவரிடம் கொடுத்து, அவர் படித்துச் சில இடங்களைத் திருத்திய பிறகே இது வெளியே வருகிறது.

எங்கள் மாதிரிக் கல்லூரிகளில் ஒரு பிள்ளை "ரிசர்ச் எல்லாம் எனக்கு வராது" என்று சொன்னால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். "உன்னால முடியும்மா, தைரியமா இரு" என்று தட்டிக்கொடுத்து அனுப்புவோம். இல்லையென்றால் "பி.எட். முடிச்சிடு, அதான் பொம்பளப் பிள்ளைக்கு நல்லது" என்போம். எது வராது, ஏன் வராது என்று அந்தப் பிள்ளை நினைக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. இந்த மாணவியிடம் அதைக் கேட்டோம். கேட்டபின் தெரியவந்தவை சக ஆசிரியர்களுக்கும் இதே நிலையில் நிற்கும் மாணவர்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

## பின்னணி

அப்பா நெல் அறுவடை இயந்திரம் ஓட்டுபவர். குறுவை, சம்பா அறுவடை நாட்களில் வருமானம் நன்றாக இருக்கும். மற்ற மாதங்களில் கிடைத்த வேலை. அம்மா நூறு நாள் வேலைக்குப் போவார், வீட்டில் தையலும் உண்டு. அண்ணன் பத்தாவதோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். குடும்பத்தில் முதல் பட்டதாரி இந்த மாணவிதான்.

பள்ளிப் படிப்பு முழுவதும் அரசுப் பள்ளியில், தமிழ் வழியில். பிளஸ் டூவில் எடுத்தது இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் கொண்ட பியூர் சயின்ஸ் குரூப். கணக்கு கிடையாது. 2019-ல் எங்கள் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தார். பெயரளவில் ஆங்கில வழி. வகுப்பில் விளக்கம் தமிழில், பரீட்சை ஆங்கிலத்தில். முதல் ஆண்டு முடிவதற்குள் கொரோனா வந்துவிட்டது. இரண்டாம் ஆண்டு ஆய்வக வகுப்புகளில் பெரும்பகுதி செல்போனில் வந்த வீடியோவாகவே முடிந்துபோனது. பியூரெட்டைக் கையில் பிடித்துப் பழக வேண்டிய வயதில் அந்த ஆண்டுப் பிள்ளைகள் அதைத் திரையில் பார்த்தார்கள்.

மதிப்பெண்ணில் எப்போதும் முதல் ஐந்து பேருக்குள் இருப்பார், முதலாவதாக வந்ததில்லை. வகுப்பில் தானாக வாய் திறக்க மாட்டார். கேட்டால் பதில் தெரியும், ஆனால் குரல் பக்கத்து பெஞ்சைத் தாண்டாது.

## 2022 பிப்ரவரி: ஆய்வகத்தில் கண்டது

பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டில் கிராவிமெட்ரி, அதாவது வீழ்படிவை எடை போட்டு அளவு காணும் சோதனைகள் உண்டு. அதில் ஒரு சோதனை, நிக்கல் கரைசலில் டைமெத்தில் கிளையாக்சைம் சேர்த்து, விழும் சிவப்பு வீழ்படிவை வடிகட்டி, காயவைத்து, எடை போட்டு நிக்கலின் அளவைக் கணக்கிடுவது. அந்த வாரம் ஒரு பேட்ச் முழுக்க எல்லோருக்கும் அளவு கூடுதலாக வந்தது. இப்படி வரும்போது பிள்ளைகள் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எடையைத் திருத்தி எழுதிவிடுவது வழக்கம்.

இவர் திருத்தவில்லை. மறுநாள் மதியம் அனுமதி கேட்டு ஆய்வகத்துக்கு வந்தார். நிக்கலே இல்லாத வெறும் தண்ணீரில் லேசாக அம்மோனியா விட்டு, முந்தைய நாள் ஊற்றிய அதே அளவு டைமெத்தில் கிளையாக்சைம் கரைசலை ஊற்றி ஆறவைத்தார். வெள்ளையாக நுண்ணிய படிகம் விழுந்தது. டைமெத்தில் கிளையாக்சைம் ஆல்கஹாலில் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. தேவைக்கு மேல் சேர்த்தால் மிச்சம் தானே படிகமாகி வீழ்படிவோடு உட்கார்ந்து எடையைக் கூட்டிவிடும். "அதிகம் சேர்க்கக் கூடாது" என்று செய்முறைக் குறிப்பில் ஒரு வரி இருக்கும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அந்த பேட்ச்சுக்குத் தயாரித்த கரைசலின் செறிவு கூடியிருந்தது என்பது அவர் செய்து காட்டிய பிறகுதான் தெரிந்தது.

தேடும் பொருள் இல்லாத இடத்தில் அதே சோதனையைச் செய்து பார்க்க வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. ரெக்கார்ட் நோட்டில் அந்தப் பக்கத்தின் கீழே ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை.

## 2022 நவம்பர்: படிவம் வேண்டாம் என்றது

எம்.எஸ்சி.க்கும் எங்களிடமே சேர்ந்தார். பெங்களூருவின் இந்திய அறிவியல் அகாதமி, டெல்லியின் இந்திய தேசிய அறிவியல் அகாதமி, பிரயாக்ராஜின் தேசிய அறிவியல் அகாதமி ஆகிய மூன்றும் சேர்ந்து ஆண்டுதோறும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை ஒன்றைத் தருகின்றன. தேர்வாகும் மாணவர்கள் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் இருந்து வேலை பார்க்கலாம். வகுப்பிலிருந்து விண்ணப்பிக்கச் சொன்னவர்களில் இவர் பெயரும் இருந்தது. மறுநாளே துறைக்கு வந்துவிட்டார்.

"மேடம், என் பேரை எடுத்துடுங்க. எனக்கு இது வருமான்னே தெரியல. அங்க போய் ஒண்ணும் தெரியாம நின்னா காலேஜ் பேரும் கெட்டுடும். நான் பி.எட். போயிடறேன் மேடம்."

இந்த இடத்தில் நாங்கள் வழக்கமாக எடுக்கும் ஆயுதம் முன்மாதிரிகள். மயில்சாமி அண்ணாதுரையும் கே. சிவனும் கிராமத்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து இஸ்ரோவுக்குப் போனவர்கள். வகுப்பில் பல முறை சொல்லியிருக்கிறோம். அதைச் சொன்னதும் அவர் தலையாட்டினார், பிறகு மெதுவாக, "அவங்க வேற மேடம்" என்றார். ஜெயித்தவரின் கதையைக் கேட்கும்போது, தன்னைப் பற்றிய சந்தேகம் உள்ள பிள்ளை அவருக்கும் தனக்கும் உள்ள தூரத்தைத்தான் அளந்து பார்க்கிறது. இதை நான் வேறு மாணவர்களிடமும் கண்டிருக்கிறேன்.

ஆகவே போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "சரிம்மா, இன்னிக்கு முடிவு பண்ண வேணாம். எதெது வராதுன்னு நினைக்கிறியோ அதையெல்லாம் ஒரு தாள்ல எழுதிட்டு வா. தமிழ்லயே எழுது. யாருக்கும் காட்ட மாட்டேன்" என்றேன்.

## அந்தத் தாள்

இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தார். அவர் அனுமதியோடு, அவர் சொற்களிலேயே தருகிறேன்.

"இங்கிலீஷ்ல கேள்வி கேட்டா வாய் வராது." "மேத்ஸ் இல்லாம குவாண்டம் எப்படிப் படிக்கிறது?" "கொரோனாவுல லேப் போச்சு, என் கைக்கு ஒண்ணும் தெரியாது." "நான் மனப்பாடம் பண்ணித்தான் மார்க் வாங்கினேன், புரிஞ்சு இல்ல." "பெரிய இன்ஸ்டிடியூட்ல படிச்சவங்களோட போட்டி போட முடியாது." "அப்பாகிட்ட இன்னும் அஞ்சு வருஷம் காசு கேட்க முடியாது." "கோட்டாவுல வந்தவன்னு பேசுவாங்க." "நடுவுல விட்டுட்டு வந்தா ஊர்ல சிரிப்பாங்க."

அதுவரை என் காதில் ஒரே பயமாக விழுந்தது தாளில் எட்டாகப் பிரிந்து கிடந்தது. எட்டுக்கும் ஒரே மருந்து இல்லை என்பது பார்த்தவுடனே புரிந்தது.

பணத்தைப் பற்றிய வரி வெறும் தகவல் குறைவு. பிஎச்.டி. என்றால் ஐந்து ஆண்டும் கட்டணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கையில் ஒரு காசும் வராது என்று நினைத்திருந்தார். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசிய அளவிலான தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் மாதாமாதம் பணம் உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. அப்போது அது மாதம் 31,000 ரூபாய். பிறகு 2023 ஜனவரியைக் கணக்கிட்டு 37,000 ஆனது, இரண்டு ஆண்டு கழித்து 42,000 ஆக உயரும், வீட்டு வாடகைப் படி தனி. எம்.எஸ்சி. வரை வந்த ஒரு மாணவிக்கு இது தெரியாமல் இருந்தது எங்கள் கல்லூரிச் சூழலைப் பற்றிச் சொல்கிறது, அவரைப் பற்றி அல்ல.

கணக்கைப் பற்றிய வரி முழு உண்மை. அவருக்கு வகையிடல், தொகையிடல் இரண்டும் சரியாகத் தெரியாது. முதல் ஆண்டுத் துணைப்பாடக் கணிதத்தைத் தேர்வுக்காக ஒப்பேற்றியிருந்தார். இதை "தன்னம்பிக்கை இல்லாததால் அப்படி நினைக்கிறாய்" என்று சொல்லித் தள்ளியிருந்தால் அது அவருக்குச் செய்யும் துரோகம்.

பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1978-ல் எழுதிய கட்டுரை, இப்படித் தன்னையே சந்தேகிப்பதைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி குறிப்பிடப்படும். நன்றாகச் சாதித்த பெண்கள் பலர், தாங்கள் உண்மையில் திறமைசாலிகள் அல்ல, மற்றவர்களை எப்படியோ ஏமாற்றி இங்கே வந்துவிட்டோம், ஒருநாள் பிடிபடுவோம் என்று உள்ளுக்குள் நம்புவதை அவர்கள் விவரித்தார்கள். "மனப்பாடம் பண்ணித்தான் மார்க் வாங்கினேன்" என்ற வரியைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் அந்த விளக்கத்தை மொத்தத் தாளுக்கும் போர்த்திவிடக் கூடாது என்றே நினைத்தேன். நல்ல பள்ளி, நல்ல ஆய்வகம், ஆங்கிலம் எல்லாம் கிடைத்தவருக்கு வரும் சந்தேகமும், அவை கிடைக்காதவருக்கு வரும் சந்தேகமும் வெளியே ஒன்றுபோலத் தெரிந்தாலும் வேர் வேறு. பின்னதில் பாதி, கொடுக்கப்படாதவற்றின் பட்டியல்.

கோட்டா பற்றிய வரிக்கு மட்டும் அன்றே பதில் சொன்னேன். இட ஒதுக்கீடு சட்டம் தரும் உரிமை. உள்ளே போனபின் டைட்ரேஷன், ஸ்பெக்ட்ரா போன்ற ஆய்வக வேலைகளுக்குத் தனிக் கட்ஆஃப் கிடையாது. பேசுகிறவர்கள் பேசுவார்கள், அது உன் தகுதியைப் பற்றிய செய்தி ஆகாது. அவர் சமாதானம் ஆனார் என்று சொல்ல மாட்டேன். அது ஒரே பேச்சில் தீருகிற காயம் அல்ல.

## எடுத்த முடிவுகள்

பிஎச்.டி.யா பி.எட்.டா என்ற கேள்வியை 2023 ஜூலை வரை தள்ளிவைத்தோம். அதுவரை சிறிய, திரும்பி வரக்கூடிய காரியங்களை மட்டும் செய்வது என்று முடிவானது. கோடைக்கால விண்ணப்பம் அதில் ஒன்று. இரண்டு மாதம் போய்வந்தால் இழப்பு எதுவும் இல்லை. பிடிக்கவில்லை என்றாலும் அது தெரிந்துகொண்ட விஷயம்தான். பெரிய கேள்விக்குப் பதில் சொல்லும் கட்டாயம் விலகியதும் அவர் படிவத்தை நிரப்பினார். நிக்கல் சோதனையைப் பற்றி எழுதச் சொன்னேன். "அது சும்மா பார்த்தது மேடம், அதைப் போய் எழுதறதா?" என்று தயங்கினார். பழைய ரெக்கார்டில் நான் எழுதிய குறிப்பை எடுத்துக் காட்டிய பிறகே எழுதினார்.

கை பழகவில்லை என்ற வரியைச் சோதிப்பது சுலபம். சனிக்கிழமைகளில் ஆய்வகத்தைத் திறந்து கொடுத்தோம். கொரோனா ஆண்டில் விட்டுப்போன டைட்ரேஷன்களை, அளவீடுகள் 0.1 மி.லி.க்குள் ஒத்துப்போகும் வரை திரும்பத் திரும்பச் செய்வது என்று வைத்துக்கொண்டார். பொங்கல் விடுமுறை முடிந்து சில வாரங்களில் அந்த வரியை அவரே பேனாவால் அடித்துவிட்டார்.

ஆங்கிலத்துக்கு வாரம் ஒரு முறை, தனக்குத் தெரிந்த ஒரு சோதனையை மூன்று ஜூனியர்கள் முன்னால் பத்து நிமிடம் பேசுவது என்று ஏற்பாடு. இதில் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. பேச்சு அவ்வளவு மோசமில்லை. வேகமாகக் கேட்கப்படும் கேள்வியைக் காதில் வாங்கிப் புரிந்துகொள்வதில்தான் சிக்கல். அதனால் பயிற்சியை மாற்றினோம்: ஒருவர் ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார், இவர் அந்தக் கேள்வியைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். இது நன்றாக வேலை செய்தது.

கணக்குதான் நீண்ட வேலை. கணிதத் துறையில் உள்ள சக ஆசிரியர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் மாலை நேரம் ஒதுக்கினார். ஆரம்பிக்க அவர் தேர்ந்தெடுத்தது பதினோராம் வகுப்புத் தமிழ் வழிக் கணிதப் பாடநூல். எம்.எஸ்சி. படிக்கும் பெண் பிளஸ் ஒன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவதா என்று முதலில் கூசினார். ஆனால் கருத்துகள் தமிழில் இருந்ததால் மளமளவென்று ஏறின.

இந்த வேலையின் நடுவே நடந்ததை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஒரு பரிமாணப் பெட்டிக்குள் இருக்கும் துகளின் அலைச்சார்பு (துகள் எங்கே இருக்கக்கூடும் என்பதைக் கணக்கிட உதவும் கோவை) குவாண்டம் வேதியியலில் முதலில் வரும் பாடம். அதன் முன்னால் வர்க்கமூலக் குறிக்குள், இரண்டைப் பெட்டியின் நீளமான எல்-ஆல் வகுத்து ஒரு எண் நிற்கும். பி.எஸ்சி.யிலிருந்து அதை அவர் மனப்பாடமாக எழுதிவந்தார். சைன் வர்க்கத்தைத் தொகையிடக் கற்றுக்கொண்ட வாரத்தில், பெட்டிக்குள் எங்காவது துகள் இருந்தே ஆக வேண்டும், ஆகவே மொத்த நிகழ்தகவு ஒன்று என்று வைத்து, அந்த எண்ணைத் தானே வரவழைத்தார். நேராக என் அறைக்கு வந்தார். "மேடம், நான் மனப்பாடம் பண்ணினது எல்லாம் இந்த மாதிரி இடத்துலதான். மத்தது புரிஞ்சுதான் எழுதியிருக்கேன்."

தாளில் தனித்தனியாக இருந்த இரண்டு வரிகள் உண்மையில் ஒன்றே என்று அவரே கண்டுபிடித்துவிட்டார். தனக்குப் புரியும் மூளை இல்லை என்று அவர் நம்பியது, பதினாறு வயதில் எடுத்த ஒரு குரூப்பின் விளைவு. அதைச் சரிசெய்ய ஒரு பாடநூலும் ஒரு நல்ல ஆசிரியரும் சில மாத மாலைகளும் போதுமானவையாக இருந்தன.

## 2023 கோடை

தேர்வானார். வேறு மாநிலத்தில் ஒரு மத்திய அரசு ஆய்வகம். மின்னாற்றலைச் சேமிக்கும் சூப்பர் கெப்பாசிட்டர் என்ற சாதனத்துக்கான மின்வாய்ப் பொருள் தயாரிக்கும் குழு. ஒடிசாவிலிருந்து வந்த ஆய்வு மாணவர் ஒருவருக்கு உதவியாக இவரை வைத்தார்கள்.

முதல் வாரங்கள் கடினமாக இருந்தன. போனில் அழுதார். குழுக் கூட்டத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தும் பேச முடியாமல், கூட்டம் முடிந்ததும் ஒரு தாளில் எழுதி வழிகாட்டியிடம் கொடுத்திருக்கிறார். அந்த விஞ்ஞானி அடுத்த கூட்டத்தில், "போர்டில் வரைந்து காட்டு" என்று மட்டும் சொன்னாராம். இவரைப் பேசவைக்க அதுவே போதுமாக இருந்தது. நல்ல வழிகாட்டி வாய்ப்பது பெரிய விஷயம்; இந்தப் பதிவில் அதிர்ஷ்டத்தின் பங்கு இருக்கும் இடம் இது.

வேலையில் பெரிய வெற்றி ஒன்றும் இல்லை. ஆட்டோகிளேவ் என்ற உயர் அழுத்தக் கலத்தில் வைத்துத் தயாரித்த பொருள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வந்தது. முந்தைய முறை கிடைத்த மின்தேக்குத் திறன் அடுத்த முறை கிடைக்கவில்லை. இரண்டு மாதத்தில் அது தீரவும் இல்லை. ஆனால் ஊருக்கு வந்ததும் அவர் சொன்னது இது: "அங்க யாருக்குமே உடனே வரல மேடம். வராததையும் தேதி போட்டு எழுதி வைக்கிறாங்க. எனக்கு மட்டும்தான் வராதுன்னு நினைச்சிட்டிருந்தேன்."

வழிகாட்டியின் கடிதத்தில் 'மிகத் திறமைசாலி' போன்ற சொற்கள் இல்லை. குறிப்பேடு ஒழுங்காக இருக்கிறது, தோற்ற சோதனைகளை மறைக்காமல் எழுதுகிறார் என்று இருந்தது. நான் பெரிதாக மதித்தது அந்தக் கடிதத்தைத்தான்.

## அதே தாளை எழுதிய இன்னொருவர்

அந்த ஆண்டு வகுப்பில் முதலிடத்தில் இருந்த மாணவர் ஒருவரும் கேட்டறிந்து இதையே செய்தார். அவர் தாளில் திறமையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவரும் கோடையில் வேறோர் ஆய்வகத்துக்குப் போய் வந்தார். "எல்லாம் வருது மேடம், ஆனா ஒரே கேள்வியோட அஞ்சு வருஷம் உட்கார எனக்குப் பிடிக்கல" என்றார். எம்.எஸ்சி. முடித்ததும் மருந்து நிறுவனம் ஒன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்து கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் வேலை பார்க்கிறார். தங்கையைப் படிக்க வைக்கிறார். இதைத் தோல்வி என்று யாரும் எண்ணக் கூடாது. எல்லோரையும் பிஎச்.டி.க்குத் தள்ளுவதற்கான வழிமுறையாக இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

## வீட்டில் பேசியது

2023 ஜூலையில் மாணவியிடம் தள்ளிவைத்த கேள்வியைக் கேட்டபோது, "பிடிச்சிருக்கு மேடம். வருமான்னு இன்னும் முழுசாத் தெரியல. ஆனா முயற்சி பண்ணணும்" என்றார். அடுத்து வீடு. நானும் கணித ஆசிரியரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம்.

அப்பா நேராகக் கேட்டார். "அஞ்சு வருஷம் படிச்சா கடைசியில என்ன வேலை டீச்சர்?"

உறுதியான வேலை என்று சொல்லவில்லை. அரசுக் கல்லூரிப் பணியிடங்களுக்கு அறிவிப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, தனியார் கல்லூரிகளில் சம்பளம் குறைவு, தொழிற்சாலை ஆராய்ச்சிப் பிரிவுகளிலும் வெளிநாட்டிலும் வாய்ப்பு உண்டு ஆனால் போட்டியும் உண்டு என்றே சொன்னேன். பி.எட். இரண்டு ஆண்டு படித்துவிட்டு டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) அறிவிப்புக்குக் காத்திருப்பதிலும் இதே நிச்சயமின்மை இருக்கிறது, ஆனால் உதவித்தொகை இல்லை என்பதையும் சொன்னேன். அவர் அந்த ஒப்பீட்டை நெடுநேரம் யோசித்தார்.

அம்மாவின் கவலை கல்யாணம். "ரெண்டு வருஷம் போனா வயசு என்ன ஆகும்?" இதற்கு மாணவியே பதில் சொன்னார், முதன்முறையாக எங்கள் முன்னால் குரலை உயர்த்தி. 2025 ஜூன் வரை நேரம் கொடுங்கள், அதற்குள் ஜே.ஆர்.எஃப். வரவில்லையென்றால் பி.எட். சேர்ந்துவிடுகிறேன், அதன்பின் பேச மாட்டேன். இந்தக் கெடு அவராக யோசித்து வைத்தது. கெடு இருந்ததால் வீடு சம்மதித்தது. முடிவே தெரியாத ஐந்து ஆண்டுக்குச் சம்மதிப்பதைவிட, ஒரு தேதிக்குச் சம்மதிப்பது அந்தக் குடும்பத்தால் முடிந்தது.

## தேர்வுகள்

சி.எஸ்.ஐ.ஆர். நெட் வேதியியல் தாளில் 120 கேள்விகள். அதில் 75-க்கு விடையளித்தால் போதும், மொத்தம் 200 மதிப்பெண். கடைசிப் பகுதியில் 60 கேள்விகளில் 25 மட்டும், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். தவறான விடைக்குக் கால் பங்கு கழியும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வருகிறது. இந்தி வழியில் படித்தவருக்குக் கிடைக்கும் வசதி தமிழ் வழியில் படித்தவருக்கு இல்லை என்பதை நான் நியாயமாகக் கருதவில்லை.

2023 டிசம்பரில் முதல் முறை எழுதினார். வரவில்லை. விடைக்குறிப்போடு உட்கார்ந்து பார்த்தபோது, பொதுவான திறனறிக் கேள்விகள் வரும் முதல் பகுதியை அவசரமாக முடித்ததும், கடைசிப் பகுதியில் பாதி தெரிந்தவற்றையெல்லாம் தொட்டதும் மதிப்பெண்ணைத் தின்றிருந்தன. பாடம் தெரியாமல் போனது சில கேள்விகளில் மட்டுமே. இதைக் கண்ணால் பார்த்தது அவருக்கு உதவியது. தோற்றது எங்கே என்று தெரிந்ததால், "எனக்கு வராது" என்ற பழைய பேச்சுக்கு அவர் திரும்பவில்லை.

2024 ஜூனில் நடக்கவிருந்த தேர்வு கடைசி நேரத்தில் தள்ளிவைக்கப்பட்டு ஜூலை 25 முதல் 27 வரை நடந்தது. இந்த முறை உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கைக்கான தகுதியும் கிடைத்தன, ஜே.ஆர்.எஃப். கிடைக்கவில்லை. உதவித்தொகை இல்லாமல் உடனே பிஎச்.டி. சேர ஓரிடம் வந்தது. ஆசையாக இருந்தது அவருக்கு. வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அப்பாவிடம் காசு கேட்க முடியாது என்று தாளில் எழுதிய வரி அப்போதும் உண்மையாகவே இருந்தது. அதை மறந்துவிட்டுச் சேர்ந்தால் இரண்டாம் ஆண்டில் அதுவே அவரை வெளியே தள்ளும் என்று நினைத்தேன். அதற்குப் பதில் ஒரு பல்கலைக்கழகத் துறையில், நிதியுதவி பெற்ற ஆய்வுத் திட்டத்தில் திட்ட உதவியாளராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் வந்தது. அதில் ஒரு பகுதி வீட்டுக்குப் போனது. ஆய்வக வேலையும் கைவிட்டுப் போகவில்லை.

2024 டிசம்பர் சுற்றுக்கான தேர்வு 2025 பிப்ரவரி 28 முதல் மார்ச் 2 வரை நடந்தது. அதில் ஜே.ஆர்.எஃப். வந்தது. கெடுவுக்குள்.

## இப்போது

2025 ஆகஸ்டில் பிஎச்.டி. சேர்ந்தார். மின்வேதியியல்தான். உதவித்தொகை முதலில் வந்துசேரச் சில மாதம் பிடித்தது. திட்ட வேலையில் சேர்த்துவைத்த பணம் அந்த இடைவெளியைத் தாங்கியது. இப்படி விண்ணப்பிப்பவர்கள் இதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சந்தேகம் போய்விட்டதா என்று கேட்டேன். போகவில்லை என்கிறார். குழுக் கூட்டத்துக்கு முந்தைய இரவில் தூக்கம் வராதாம். ஆனால் இப்போதும் தாள் எடுத்து எழுதுகிறார். எழுதியபின், இதில் எதைப் போய்ப் படிக்க வேண்டும், எதை யாரிடம் கேட்க வேண்டும், எது வெறும் ராத்திரி நேரத்துப் பயம் என்று அவரே பிரித்துக்கொள்கிறார். பிஎச்.டி. முடிப்பாரா என்று இன்றைக்கு யாரும் சொல்ல முடியாது.

## அடுத்த மாணவர்களுக்கு மாற்றியவை

இந்த ஏற்பாடுகள் எம்.எஸ்சி.யில் தொடங்கியது தாமதம். பியூர் சயின்ஸ் குரூப்பிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கணக்கு வகுப்பு பி.எஸ்சி. முதல் பருவத்திலேயே தேவை. கணித ஆசிரியர் இப்போது அதைச் சனிக்கிழமைகளில் பதினோராம் வகுப்புப் பாடநூலை வைத்தே நடத்துகிறார். தாவரவியல் துறையிலிருந்தும் சிலர் வந்து உட்காருகிறார்கள்.

உதவித்தொகைகளின் பட்டியல், தொகை, வயது வரம்பு, விண்ணப்ப மாதம் ஆகியவற்றைத் தமிழில் எழுதித் துறை வாசலில் ஒட்டியிருக்கிறோம். வீட்டில் பேசுவதைத் தேர்வு முடிவு வரும் வரை தள்ளிப்போடக் கூடாது; முதல் ஆண்டுப் பெற்றோர் கூட்டத்திலேயே, வேலை நிச்சயமில்லை என்பதையும் சேர்த்து, இதைச் சொல்லத் தொடங்கியிருக்கிறோம்.

தாள் எழுதும் பழக்கத்தை எல்லோருக்கும் கட்டாயமாக்கலாமா என்று துறையில் பேச்சு வந்தது. நான் ஒப்பவில்லை. கட்டாயம் என்றால் பிள்ளைகள் நமக்குப் பிடித்ததை எழுதிக் கொடுப்பார்கள். கேட்டு வருகிறவர்களுக்கு நேரம் ஒதுக்குவது, வராமல் ஒதுங்கி நிற்கிறவர்களை ஆய்வகத்தில் கவனித்துக்கொண்டிருப்பது என்று இப்போதைக்கு வைத்திருக்கிறோம். இந்த ஆண்டு அப்படி இருவர் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஒருவர் தாளில் முதல் வரி விடுதிச் செலவு. அதற்கான வழியைத்தான் இந்த வாரம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.